மூளைப் புறணியில் மின்பதிவு: வலிப்பு நோய் வரலாறு திருச்சபைக்குக் கற்பிப்பவை

1. முன்னுரை

வலிப்பினால் துன்புற்ற ஒரு சிறுவனைத் தந்தை ஒருவர் இயேசுவிடம் கொண்டுவந்த நிகழ்ச்சியை ஒத்தமை நற்செய்தியாளர் மூவரும் எழுதியுள்ளனர் (மத். 17:14–20, மாற்கு 9:14–29, லூக்கா 9:37–43). மாற்கும் லூக்காவும் ஆவியின் பிடியைப் பற்றிப் பேச, மத்தேயு மட்டும் அச்சிறுவனின் நிலையைக் குறிக்க நிலவோடு தொடர்புடைய ஒரு கிரேக்கச் சொல்லைக் கையாளுகிறார். புதிய ஏற்பாட்டில் அச்சொல் மத்தேயுவில் இரண்டே இடங்களில் வருகிறது. நம் தமிழ்த் திருமறையின் பழைய மொழிபெயர்ப்பு அதனைச் ‘சந்திரரோகி’ என்று வழங்குகிறது. ஒரே சிறுவனின் துன்பத்தைப் பற்றி ஒரு நூல் ஆவியின் மொழியிலும் நோயின் மொழியிலும் பேசுவதைக் காண்கிறோம்.

பிற்காலத் திருச்சபை இவ்விரு மொழிகளையும் ஒருங்கே காத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் மத்தேயுவுக்கு எழுதிய விளக்கவுரையில், மருத்துவர்கள் இதனை இயற்கையான நோய் என்று கூறுவதை எடுத்துக்காட்டி, அதனை மறுத்து, அசுத்த ஆவியே காரணம் என்று நிலைநாட்டினார். ஆவியின் மொழி நோயின் மொழியை விழுங்கிவிட்டது. இதன் விளைவு நெடுங்காலம் நீடித்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, குருப்பட்டம் பெறத் தடையுள்ளோர் வரிசையில் வலிப்பு நோயுற்றோரையும் மனநோயுற்றோரையும் பேய் பிடித்தோரையும் ஒரே விதியில் அடுத்தடுத்து வைத்திருந்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் வலிப்பு நோயின் பெயர் அவ்விடத்திலிருந்து நீங்கியது. புரொட்டஸ்டண்டுகளாகிய நாம் இதனைப் பிறர் குறையாகச் சுட்டிக்காட்டித் தப்பிக்க இயலாது. எழுதப்பட்ட சட்டம் நம்மிடம் இல்லாவிடினும், எழுதப்படாத சட்டம் நம் சபைகளில் உண்டு என்பதை ஆயர்கள் அனைவரும் அறிவர்.

மூளையின் மேற்பரப்பிலேயே மின்வாய்களை வைத்து அதன் மின்னியக்கத்தைப் பதிவு செய்யும் மருத்துவ முறை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது மருத்துவர்களுக்குரிய பொருளன்றோ என்று வாசகர் வினவலாம். ஆயினும் இவ்வரலாற்றில் ஆன்மா, மனித மாண்பு, துன்புறுவோரின் சாட்சியம் என்னும் மூன்றும் நேரடியாக உட்பட்டுள்ளன. இம்மூன்றும் இறையியலுக்கு உரியவையே.

2. நோயின் இருப்பிடத்தைத் தேடி

கி.மு. 400-ஐ ஒட்டி எழுதப்பட்டதும், இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்குவதுமான ‘புனித நோய் பற்றி’ என்னும் கிரேக்க நூல், வலிப்பு நோய் பிற நோய்களைவிடச் சற்றும் புனிதமானதன்று என்றும், அதன் காரணம் மூளையில் உள்ளது என்றும் வாதிட்டது. கபம் மூளையிலிருந்து இறங்கி நாளங்களை அடைப்பதாக அந்நூல் தந்த விளக்கம் தவறானது. எனினும் தேட வேண்டிய இடத்தை அது சரியாகவே காட்டிற்று.

மின்னியக்கத்திற்கும் மூளைக்கும் உள்ள உறவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று. 1870-இல் பெர்லினில் ஃபிரிட்ச், ஹிட்சிக் என்னும் இருவர், நாயின் மூளைப் புறணியில் மின்சாரத்தைச் செலுத்த எதிர்ப்பக்கத்து உறுப்புகள் அசைவதைக் கண்டனர். இலண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன், வலிப்பு கட்டைவிரலிலோ வாயோரத்திலோ தொடங்கிப் படிப்படியாக உடலெங்கும் பரவும் ஒழுங்கைக் கூர்ந்து நோக்கினார். மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென்று அளவு கடந்து நிகழும் ஒரு வெளிப்பாய்ச்சலே வலிப்பு என்று 1873-இல் வரையறுத்தார். அவ்வெளிப்பாய்ச்சலை அளக்கும் கருவி எதுவும் அவரிடம் இல்லை. நோயாளியின் உடல் எங்கே முதலில் துடித்தது என்பதே அவருக்குக் கிடைத்த சான்று. அவருடைய மனைவியே மூளை நோயால் வலிப்புற்று 1876-இல் இறந்தார் என்பது இவ்வரலாற்றில் மறக்கத்தகாதது.

1875-இல் லிவர்பூல் மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன், முயல், குரங்கு ஆகியவற்றின் திறந்த மூளை மேற்பரப்பில் மின்வாய்களை வைத்து, மெல்லிய மின்னோட்டங்கள் இயல்பாகவே அங்குத் தோன்றி மறைவதைக் கண்டறிந்து வெளியிட்டார். மூளையின் மேற்பரப்பில் நிகழ்ந்த முதல் மின்பதிவு இதுவே எனலாம். மனித மூளையின் மின்னலைகள் பதிவாவதற்கு இதன்பின் அரை நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது.

இதற்கிடையில் இருவேறு நிகழ்ச்சிகள் நடந்தன. 1874-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், புற்றுநோயால் மண்டையோடு அரிக்கப்பட்டு மூளை வெளித்தெரிந்த ஒரு பெண்ணின் மூளையில் பார்த்தலோ என்னும் மருத்துவர் மின்னூசிகளைச் செலுத்திச் சோதித்தார். அப்பெண்ணுக்கு வலிப்பு உண்டாயிற்று. சில நாள்களில் அவர் இறந்தார். மருத்துவ உலகம் கண்டித்தபின் பார்த்தலோ தம் வருத்தத்தைத் தெரிவித்தார். இச்சோதனை நடந்த மருத்துவமனையின் பெயர் ‘நல்ல சமாரியன்’ என்பதாகும். பெயர் நல்லதாயிருப்பது போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மற்றொரு நிகழ்ச்சி 1886 மே மாதம் இலண்டனில் நடந்தது. இளமையில் தலையில் அடிபட்டு ஓயாத வலிப்பினால் துன்புற்ற ஓர் இளைஞனின் மூளைத் தழும்பை விக்டர் ஹார்ஸ்லி அறுத்து நீக்கினார். தழும்பு எங்கே உள்ளது என்பதை ஜாக்சனின் கோட்பாடே காட்டிற்று. முதல் நிகழ்ச்சியில் நோயாளி மருத்துவரின் வினாவுக்குக் கருவியானார். இரண்டாவதில் மருத்துவரின் அறிவு நோயாளியின் தேவைக்குக் கருவியாயிற்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இவ்வரலாறு முழுவதையும் அளக்க நமக்கு உதவும் அளவுகோலாகும்.

3. யேனா நகரத்துப் பதிவும் அதன் நிழலும்

மனித மூளையின் மின்னலைகளை முதன்முதல் பதிவு செய்தவர் செருமனியின் யேனா நகரத்து உளமருத்துவர் ஹான்ஸ் பெர்கர் ஆவார். இளமையில் இராணுவப் பணியில் ஒரு விபத்திலிருந்து மயிரிழையில் தப்பிய நாளிலேயே, தொலைவிலிருந்த தமக்கை தம் நலனுக்காக அஞ்சித் தந்தி அனுப்பச் செய்ததை அவர் மறக்கவில்லை. உள்ளம் உள்ளத்தோடு தொடர்பு கொள்ளும் ஆற்றலை அளந்தறிய வேண்டும் என்னும் வேட்கை அவரை வாழ்நாளெல்லாம் உந்திற்று. 1924-இல் மண்டையோட்டில் இடைவெளி ஏற்பட்டிருந்த நோயாளி ஒருவரிடம் அவர் அலைகளைக் கண்டார். ஐந்து ஆண்டுகள் ஐயுற்று, மீண்டும் மீண்டும் சோதித்து, 1929-இல்தான் வெளியிட்டார். 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூசும் அதனை உறுதிப்படுத்திய பின்னரே உலகம் நம்பியது. அவர் தேடிய உள ஆற்றல் அகப்படவில்லை. ஆனால் வலிப்பு நோயை இனங்காணும் சிறந்த கருவி ஒன்று உலகிற்குக் கிடைத்தது.

இங்கே வரலாறு நம்மை நிறுத்தி வைக்கிறது. 1933 ஜூலையில் இட்லர் அரசு இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டத்தில், பரம்பரை வலிப்பு நோய் வெளிப்படையாகப் பெயர் குறிக்கப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் கருத்தடைக்கு உட்படுத்தப்பட்டனர். யாரைக் கருத்தடைக்கு உட்படுத்துவது என்று தீர்ப்பளித்த மரபுநல நீதிமன்றத்தில் பெர்கரும் பணியாற்றினார். வலிப்பு நோயாளிகளின் மூளையலைகளைப் பொறுமையோடு வரைந்த அதே கை, அவர்களுடைய சந்ததியை மறுக்கும் தீர்ப்பிலும் பங்கு கொண்டது. 1941-இல் நோயும் மனச்சோர்வும் மேலிட அவர் தற்கொலை செய்துகொண்டார்.

திருச்சபையின் கணக்கும் இங்கே பார்க்கப்பட வேண்டும். பீலஃபெல்ட் நகரருகே 1867-இல் வலிப்பு நோயாளிகளுக்கென்றே செருமன் புரொட்டஸ்டண்டுகள் தொடங்கிய இல்லம் பின்னர்ப் பெத்தேல் என்று பெயர் பெற்றது. 1872-இல் ஃபிரிட்ரிக் ஃபொன் போடல்ஷ்விங் ஆயர் அதன் பொறுப்பேற்றபின், வீடுகளும் பட்டறைகளும் வயல்களும் ஆலயமும் கொண்ட ஓர் ஊராக அது வளர்ந்தது. வலிப்பு நோயாளிக்கு உழைப்பும் ஊதியமும் அண்டை அயலாரும் உண்டு என்று காட்டிய இடம் அது. எனினும் 1933-க்குப் பின் கருத்தடைச் சட்டத்தைப் பெத்தேலும் நிறைவேற்றிற்று. 1939-இல் தொடங்கிய கொலைத் திட்டத்தின் படிவங்களிலும் வலிப்பு நோய் ஒரு தனிக் குறிப்பாக இடம்பெற்றது. அவர் மகனாகிய இளைய போடல்ஷ்விங் படிவங்களை நிரப்ப மறுத்துப் போராடினார். எனினும் யூத நோயாளிகள் சிலர் 1940-இல் அங்கிருந்து அகற்றப்பட்டுக் கொல்லப்பட்டனர். லோபெத்தால் இல்லத்தின் ஆயர் பவுல் பிரவுனே 1940 ஜூலையில் கொலைகளை விளக்கி அரசுக்கு ஒரு நீண்ட முறையீட்டை எழுதினார். ஆகஸ்டு மாதத்தில் சிறைப்பட்டார். 1941 ஆகஸ்டு வரை நச்சுப்புகை நிலையங்களில் கொல்லப்பட்டோர் 70,000-க்கும் மேற்பட்டவர். அறிவு வளர்ந்த நாட்டில், இறையியல் வளர்ந்த நாட்டில் இது நடந்தது. ஒரு மனிதனின் மூளையை அறிவதும் அவனை மதிப்பதும் ஒன்றல்ல என்பதை நாம் ஆழமாக மனத்திற்கொள்ள வேண்டும்.

4. மான்ட்ரியல்: விழித்திருந்த நோயாளி

அக்கொடிய காலத்திற்குச் சற்று முன்னர், 1928-இல், பிரெஸ்லாவ் நகரில் ஓட்ஃபிரிட் ஃபோர்ஸ்டர் என்னும் அறிஞரிடம் பயில அமெரிக்காவில் பிறந்த ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். அவரே வைல்டர் பென்ஃபீல்ட் (1891–1976). ஆக்ஸ்ஃபோர்டில் ஷெரிங்டனின் மாணவராயிருந்த இவர், தோலை மட்டும் உணர்விழக்கச் செய்து, நோயாளியை விழித்த நிலையில் வைத்தே மூளைத் தழும்புகளை அகற்றும் முறையை ஃபோர்ஸ்டரிடம் கற்றார். மூளைக்கு வலியுணர்வு இல்லாமையால் இது கூடியதாயிற்று. மனித மூளையின் புறணியிலேயே மின்வாய்களை வைத்துப் பதிவு செய்த ஆய்வை 1935-இல் ஃபோர்ஸ்டரும் ஆல்டன்பர்கரும் வெளியிட்டனர்.

1928-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பென்ஃபீல்ட் பணியேற்றார். அவ்வாண்டு இறுதியில், நெடுநாள் வலிப்பினால் துன்புற்ற தம் சொந்தத் தமக்கைக்கே அறுவை செய்ய வேண்டியதாயிற்று. மூளையில் பரவியிருந்த கட்டியை முற்றிலும் அகற்ற இயலவில்லை. சில காலம் நலமாயிருந்து 1931-இல் அவர் இறந்தார். நரம்பியல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஆய்வாளரும் ஒரே கூரையின்கீழ்ப் பணிபுரியும் நிறுவனம் ஒன்று வேண்டும் என்னும் பென்ஃபீல்டின் உறுதியை இத்துயரம் வலுப்படுத்தியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கொடையால் 1934-இல் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனம் திறக்கப்பட்டது. மின்பதிவில் தேர்ந்த ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1938-இல் அங்கு நிலையாகச் சேர்ந்தார். ஒருவர் மூளையைத் தொட்டார். மற்றவர் அதன் மின்னலைகளைக் கவனித்தார். இவ்விருவரும் 1954-இல் கூட்டாக வெளியிட்ட பெருநூல் வலிப்பு மருத்துவத்தின் அடிப்படை நூலாயிற்று.

தலைத்தோலின்மேல் வைக்கும் மின்வாய்களே போதாவோ என்று கேட்கலாம். மூளைக்கும் தோலுக்கும் இடையே மூளைநீரும், உறைகளும், கெட்டியான மண்டையோடும் உள்ளன. சுவருக்கு அப்பால் நடக்கும் உரையாடலில் உரத்த குரல்கள் மட்டும் கலங்கிக் கேட்பது போல, புறணியில் ஏறத்தாழ 10 சதுர சென்டிமீட்டர் பரப்பு ஒருங்கே இயங்கினால்தான் அதன் கூர்முனை அலை தோலின்மேல் தெளிவாகத் தோன்றும். சிறு பரப்பில் எழும் அலையும், மடிப்புகளின் அடியில் எழும் அலையும் வெளியே தெரியாமற் போகலாம். புறணியின்மேல் நேரே வைக்கும் மின்வாய் பன்மடங்கு வலிமையான அலைகளையும், அவை தோன்றும் இடத்தையும் காட்டும்.

மான்ட்ரியல் முறை பின்வருமாறு அமைந்தது. மண்டையோட்டின் ஒரு பகுதியைத் திறந்தபின் பென்ஃபீல்ட் மெல்லிய மின்னோட்டத்தால் புறணியைப் புள்ளி புள்ளியாகத் தொடுவார். கைவிரல் அசைந்தாலும், நாவில் மரமரப்புத் தோன்றினாலும், பேச்சுத் தடைப்பட்டாலும், அவ்விடத்தில் எண்ணிட்ட சிறு காகிதத் துண்டு ஒன்றை வைப்பார். நோயாளி கூறும் ஒவ்வொரு சொல்லையும் செயலர் எழுதிக்கொள்வார். எந்த இடத்தைத் தொடும்போது வலிப்பின் முன்னறிகுறி, நோயாளி வழக்கமாக உணரும் அதே முறையில் தோன்றியதோ, எந்த இடத்தில் ஜாஸ்பரின் வரைபடம் கூர்முனை அலைகளைக் காட்டியதோ, அவ்விடமே நோயின் ஊற்று என்று கருதப்பட்டது. பேச்சுக்கும் கைகால் இயக்கத்திற்கும் உரிய இடங்கள் காக்கப்பட்டன. அகற்றியபின் மீண்டும் பதிவு செய்யப்பட்டது.

இம்முறையில் கருவியின் சான்றும் நோயாளியின் சான்றும் இணைந்தே முடிவைத் தந்தன என்பதை நாம் உற்றுநோக்க வேண்டும். “இதுதான் எனக்கு வழக்கமாக வருவது” என்று சொல்லக்கூடியவர் உலகில் ஒருவரே உளர். அறுவை மேசையில் கிடந்தவர் வெறும் உடலாக அன்றி, தம் துன்பத்தைப் பற்றிச் சாட்சி கூறுபவராகவே கிடந்தார். மாற்கு நற்செய்தியில் இயேசு அச்சிறுவனைக் குணமாக்குமுன், எவ்வளவு காலமாக இவ்வாறு நிகழ்கிறது என்று தந்தையைக் கேட்கிறார் (9:21). துன்பத்தின் வரலாற்றைத் துன்புற்றோரிடமே கேட்டறிவது குணமாக்கும் பணியின் ஒரு பகுதி என்பதை இரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

இத்துறையிலும் பெருந்தவறு நிகழ்ந்ததுண்டு. 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஸ்கோவில் என்னும் அறுவை மருத்துவர், வலிப்புற்ற ஓர் இளைஞரின் இருபுறத்து உட்பொட்டுப் பகுதிகளையும் அகற்றினார். வலிப்புக் குறைந்தது, ஆனால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்தும் ஆற்றலை அவர் 2008-இல் இறக்கும்வரை இழந்தே வாழ்ந்தார். மான்ட்ரியலிலிருந்து சென்று அவரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் அம்மையார் வழியாக, நினைவைப் பற்றி உலகம் அறிந்தது மிகுதி. அவ்வறிவுக்கு ஒரு மனிதர் செலுத்திய விலையும் பெரிது.

5. மான்ட்ரியலிலிருந்து வேலூர் வரை

இவ்வரலாறு நம் நாட்டுக்குள் நுழைந்த வாயில் ஒரு கிறிஸ்தவ மருத்துவமனையாகும். கேரளத்தில் பிறந்த மருத்துவர் ஜேக்கப் சாண்டி (1910–2007) சென்னையில் மருத்துவம் பயின்று, பஹ்ரைன் தீவின் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றியவர். பின்னர் வட அமெரிக்கா சென்று மான்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றார். 1949-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையை நிறுவினார். இந்தியாவில் வலிப்பு நோய்க்கான முதல் அறுவை 1952-இல் அங்கேயே நடைபெற்றது. பெண்கள் பெண் மருத்துவரின்றி மடிந்ததைக் கண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சிறு மருத்துவப் பணி, அவர் வாழ்நாளிலேயே மனித மூளையைத் திறந்து நலமாக்கும் நிலைக்கு உயர்ந்தது. 1995-இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் முறையான வலிப்பு அறுவைத் திட்டம் தொடங்கிற்று.

முறையும் வளர்ந்துள்ளது. 1950-களில் பாரிசில் டலெராக், பாங்கோ என்னும் இருவர் மெல்லிய மின்வாய்களை மூளையின் ஆழத்தில் செலுத்திப் பதிவு செய்யும் வழியை வகுத்தனர். சிலிக்கோன் தகட்டில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் எட்டுக்கு எட்டாக 64 மின்வாய்களைப் பதித்து, அதனைப் புறணியின்மேல் விரித்து, நோயாளியை ஓரிரு வாரங்கள் படுக்கையில் வைத்து, வலிப்பு இயல்பாக வரும்வரை காத்திருந்து பதிவு செய்யும் முறையும் பரவியது. மின்வாய்களை உள்ளே வைப்பதில் தொற்றும் இரத்தக் கசிவும் நேரக்கூடும். ஆகவே பிற சோதனைகளால் இடம் தெளிவாகாதபோதே இது மேற்கொள்ளப்படுகிறது. மருந்துக்கு அடங்காத பொட்டுமடல் வலிப்புடைய 80 பேரைக்கொண்டு கனடாவில் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கென ஒதுக்கப்பட்டோருள் 58 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் உணர்விழக்கும் வலிப்பின்றி இருந்தனர். மருந்து மட்டும் பெற்றோருள் அவ்வாறு இருந்தோர் 8 விழுக்காட்டினரே.

6. பென்ஃபீல்டும் ஆன்மாவும்

நம் பிரசங்கங்களிலும் நூல்களிலும் பென்ஃபீல்டின் பெயர் வேறொரு காரணத்திற்காகவும் வருவதுண்டு. கையை அசைக்கும் இடத்தை அவர் தொட்டபோது, தாம் அதைச் செய்யவில்லை என்றும் மருத்துவரே செய்வித்தார் என்றும் நோயாளிகள் கூறினர். பொட்டுமடலைத் தொட்டபோது சிலர் பழைய இசையையும் குரல்களையும் காட்சிகளையும் மீண்டும் அனுபவித்ததாகக் கூறினர். 1963-இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, பொட்டுமடலில் சோதிக்கப்பட்ட 520 பேரில் 40 பேருக்கே இது நிகழ்ந்தது. ஆனால் ஒருவரை ஒன்றை நம்பவோ தீர்மானிக்கவோ செய்யும் இடம் எதனையும் தாம் புறணியில் காணவில்லை என்றார். ஆபிரகாமைப் பற்றியும் இப்போக்கிரட்டீசைப் பற்றியும் புதினங்கள் எழுதிய இம்மனிதர், 1975-இல் வெளிவந்த ‘மனத்தின் மறைபொருள்’ என்னும் கருத்துள்ள தம் நூலில், மனம் மூளையினின்று வேறானது என்னும் கொள்கையே ஏற்புடையது என்று எழுதினார்.

ஆன்மா உண்டென்று அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று இதனை எடுத்தாளுவது எளிது. ஆனால் நாம் அவ்வாறு செய்யலாகாது. முதலாவதாக, ஓரிடத்தைத் தேடிக் காணாமை அவ்விடம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. 2009-இல் பிரெஞ்சு ஆய்வாளர் விழித்திருந்த நோயாளிகளின் உச்சிமடலில் மின்னோட்டம் செலுத்தியபோது, கையை அசைக்க வேண்டும் என்னும் விருப்பமே எழுந்ததாக அவர்கள் கூறினர். 2013-இல் அமெரிக்காவில் மின்வாய் பொருத்தப்பட்ட வலிப்பு நோயாளிகள் இருவர், மூளையின் நடுப்புறத்தில் ஓரிடம் தூண்டப்பட்டபோது, இடர் வருவதையும் அதனை எதிர்த்து நிற்க வேண்டும் என்னும் உறுதியையும் உணர்ந்ததாகக் கூறினர். பென்ஃபீல்டின் வெற்றிடத்தில் ஆன்மாவைக் குடியமர்த்தியவர், இவ்வாய்வுகள் வந்தபின் அதனை எங்கே கொண்டு வைப்பார்?

இரண்டாவதாக, நம் அறிவின் இடைவெளிகளை நிரப்பும் பொருளாகக் கடவுளைப் பயன்படுத்தலாகாது என்று போன்ஹோஃபர் 1944 மே மாதத்தில் சிறையிலிருந்து எழுதினார். நாம் அறியாதவற்றில் மட்டுமன்றி, அறிந்தவற்றிலேயே அவரைக் காண வேண்டும் என்பது அவர் கருத்து. நரம்பியல், உளமருத்துவ அறிஞர் ஒருவரின் மகனான அவர், 1933-இல் பெத்தேலுக்குச் சென்று வலிப்பு நோயாளிகளோடு வழிபட்டவர்.

மூன்றாவதாக, திருமறையின் மனிதன், உடலுக்குள் ஒளித்து வைக்கப்பட்ட ஆன்மா அல்லன். மண்ணும் கடவுளின் மூச்சும் சேர்ந்து உயிருள்ளவனாகிய முழு மனிதனையே ஆதியாகமம் (2:7) காட்டுகிறது. பவுலடியார் எதிர்நோக்குவது உடலிலிருந்து விடுதலையை அன்று, உடலின் உயிர்த்தெழுதலையே (1 கொரி. 15). ஆகவே மூளையில் இருப்பிடம் காணப்பட்டுவிட்டதால் நம்பிக்கை பொய்யாகிவிடாது. காணப்படாததால் மெய்யாகிவிடவும் செய்யாது. மனித மாண்பு, கடவுள் அவனை அழைத்து அன்புகூர்வதில் நிலைபெற்றுள்ளது. மாண்பின் அடிப்படை மூளையின் திறத்தில் உள்ளது என்று கொண்டால், மூளை பழுதுற்றோரை நாம் கைவிட நேரும். பெத்தேலின் படிவங்கள் கேட்ட கேள்வி அதுவே.

7. மேய்ப்புப்பணிக்குச் சில முடிவுகள்

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பின்படி உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர். அவருள் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் நம்முடையதைப் போன்ற குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளில் உள்ளனர். உரிய மருந்து கிடைப்பின் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும். மூளையைத் திறந்து பதிவு செய்யும் நிலைக்குச் செல்ல வேண்டியவர் மிகச் சிலரே; பெரும்பாலோர்க்கு வேண்டுவது நாள்தோறும் தவறாத மாத்திரை. 1912-இல் வலிப்புக்குப் பயன்படத் தொடங்கிய பீனோபார்பிட்டோன் இன்றும் மலிவான, பயனுள்ள மருந்தாகும்.

ஆகவே ஆயரின் முதற்கடமை, செபத்தின் பெயரால் மருந்தை நிறுத்தச் சொல்லாதிருத்தல். பிறர் நிறுத்தச் சொன்னால் கண்டித்துத் தடுத்தலும் அவர் கடமையே. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஓயாத வலிப்பு ஏற்பட்டு உயிரே போகலாம். விசுவாசக் குறைவு என்று பெற்றோர்மேல் பழி சுமத்துவது அதனினும் கொடிது. தம் அவநம்பிக்கையை ஒளிக்காமல் அறிக்கையிட்ட தந்தையின் மகனையே இயேசு குணமாக்கினார் என்பதை மறவாதிருப்போம்.

இரண்டாவதாக, ஆலயத்தில் ஒருவர் வலிப்புற்று வீழ்ந்தால் செய்ய வேண்டுவதைச் சபையார் அறிந்திருக்க வேண்டும். கூர்மையான பொருள்களை அகற்றி, தலைக்கு மெத்தென ஏதேனும் வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தல் போதும். கையில் இரும்பைத் திணிப்பதும், வாயில் கரண்டியைச் செருகுவதும், கைகால்களை அழுத்திப் பிடிப்பதும், தண்ணீர் புகட்டுவதும் கூடா. ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மூன்றாவதாக, திருமணமும் திருப்பணியும். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோய் திருமணத்திற்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிற்று. நாட்டின் சட்டம் நீக்கிய தடையைத் திருச்சபை தன் வழக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பது தகுமா? திருமணப் பேச்சில் நோயை மறைக்கத் தூண்டுவதும், வெளிப்பட்டபின் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதும் நம் குடும்பங்களிலும் நிகழ்கின்றன. உண்மையைச் சொல்லும் துணிவையும், கேட்டபின் ஏற்கும் அன்பையும் திருமண ஆயத்த வகுப்புகளில் நாம் கற்பிக்க வேண்டும். இறையியல் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கைக்கும் இது பொருந்தும். மருந்தால் நோயைக் கட்டுப்படுத்தி வாழும் ஒருவரிடம் அழைப்பு உண்டா என்றே கேட்க வேண்டும்; வலிப்பு உண்டா என்ற கேள்வி அதன் இடத்தைப் பிடிக்கலாகாது.

கேட்டன் முயலின் மூளையில் கண்ட மெல்லிய மின்னோட்டத்திலிருந்து 64 மின்வாய்கள் கொண்ட தகடு வரை, இவ்வரலாறு இன்னும் அருகில் சென்று கேட்கும் முயற்சியின் வரலாறாகும். கருவிகள் எவ்வளவு அருகில் சென்றபோதும், நோயாளியின் சொல் தேவையற்றதாகிவிடவில்லை. மின்வாய்கள் நமக்கில்லை. ஆயினும் வீடு சந்திக்கச் செல்லும்போது, உள்ளறையில் ஒதுக்கி வைக்கப்பட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைக்கவும், எத்தனை நாளாக இது வருகிறது என்று கேட்கவும், இம்மாத மாத்திரை வாங்கியாயிற்றா என்று விசாரிக்கவும், வாங்க வழியில்லையேல் சபையின் ஏழைகள் நிதியைத் திறக்கவும் நம்மால் இயலும். இதனைச் செய்த பின்னரே அப்பிள்ளையின் தலைமேல் கைவைத்துச் செபிக்க நாம் தகுதியுடையோம்.